வவுச்சரில் கையெழுத்துப் போட்டுவிட்டேன், இனி வழக்குப் போட முடியுமா?

தூத்துக்குடி மாவட்டத்தில், தாமிரபரணிக் கரையோர ஊர் ஒன்றில் ஜவுளிக்கடை நடத்தும் வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சுருக்கம் இது.

கடைக்கு அவர் ஒருவரே உரிமையாளர். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் கடைக்குள் வெள்ளம் புகுந்தது. கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் என்று இறக்கி வைத்திருந்த சரக்கு தரைத்தளத்திலும் கீழ்த்தள குடோனிலும் நனைந்து பாழானது. வங்கியில் அவருக்கு 40 லட்ச ரூபாய் சி.சி. லோன் (சரக்கிருப்பை ஈடாக வைத்து எடுக்கும் கடன்) இருக்கிறது. அதே 40 லட்சத்துக்கு வங்கியே சரக்கு இன்சூரன்ஸ் எடுத்துக் கொடுத்திருந்தது. பாலிசியின் தலைப்பில் 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்று இருக்கிறது. அவர் கையில் உள்ளது இரண்டு பக்க ஷெட்யூல் (பாலிசி விவரப் பட்டியல்) மட்டும், நிபந்தனைகள் அச்சிட்ட புத்தகம் வந்ததே இல்லை. கொள்முதல் விலைப்படி தரைத்தளத்தில் 9 லட்சமும் குடோனில் 9 லட்சமும், சால்வேஜ் (நனைந்த சரக்கை விற்றால் கிடைப்பது) போக, நஷ்டம் என்கிறார்.

நஷ்டத்தை மதிப்பிட வந்த இன்சூரன்ஸ் சர்வேயர் தரைத்தளத்தின் 9 லட்சத்தை ஒப்புக்கொண்டார். ஆனால் வெள்ளம் வந்த அன்று கடையில் 62 லட்ச ரூபாய்க்குச் சரக்கு இருந்தது, காப்பீடு 40 லட்சத்துக்குத்தான் என்று சொல்லி, விகிதப்படி குறைத்து ஐந்தே முக்கால் லட்சமாக்கிவிட்டார். குடோன் சரக்குக்கு ஒன்றும் கிடையாது, 'கீழ்த்தளச் சரக்குக்குப் பாலிசியில் பொறுப்பில்லை' என்று கம்பெனி கடிதம் கொடுத்துவிட்டது. பதினொரு மாத இழுபறிக்குப் பின், 'முழுமையான இறுதித் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்' என்ற டிஸ்சார்ஜ் வவுச்சரில் அவர் கையெழுத்துப் போட்டார். பணம் நேரே லோன் கணக்குக்குப் போனது. இதெல்லாம் முடிந்து ஐந்து மாதம் ஆகிறது. கையெழுத்துப் போட்ட பிறகு வழக்குப் போட முடியுமா? வியாபாரி நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா? சர்வேயர் எழுதியதுதான் முடிவா? ஏஜென்ட் ஒரு யோசனை சொல்கிறார், மைத்துனர் இன்னொன்று சொல்கிறார், யார் சொல்வதைக் கேட்பது?

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தில் முக்கால்வாசி, வெள்ளம் எப்படி வந்தது, எவ்வளவு போனது என்பதைப் பற்றியது. அந்த மழை பற்றி யாருக்கும் சந்தேகம் இல்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது அரசுப் பதிவேட்டிலேயே இருக்கிறது. வெள்ளம் வரவில்லை என்று கம்பெனியும் சொல்லவில்லை. சண்டை இருப்பது அவர்கள் கொடுத்த கடிதத்திலும் சர்வேயரின் ஒரு கணக்கிலும்தான். நஷ்டத்தை நிரூபிப்பதில் செலவழிக்கும் சக்தியை அந்த இரண்டு காகிதங்களின் பக்கம் திருப்புங்கள்.

முதலில் உங்கள் பெரிய பயத்தைப் பார்ப்போம்.

கையெழுத்து கதவை மூடிவிடுமா?

தானாக மூடாது. டிஸ்சார்ஜ் வவுச்சரில் கையெழுத்துப் போட்டதாலேயே ஒருவரின் உரிமை போய்விடாது என்று உச்ச நீதிமன்றம் 1999-லேயே அஜ்மீர் சிங் காட்டன் மில்ஸ் வழக்கில் சொல்லியிருக்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் 2015 செப்டம்பரில் ஒரு சுற்றறிக்கை விட்டது: வவுச்சரைக் காட்டி பாலிசிதாரர் மேற்கொண்டு கேட்கும் உரிமையைத் தடுக்கக் கூடாது, கம்பெனியே ஒப்புக்கொண்ட தொகையை அதற்காக நிறுத்தி வைக்கவும் கூடாது.

ஆனால் 1999 தீர்ப்பின் அடுத்த பாதியை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஏமாற்றியோ, நிர்ப்பந்தப்படுத்தியோ, தவறான தகவல் சொல்லியோ கையெழுத்து வாங்கினார்கள் என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். பணமுடை இருந்தது என்று மட்டும் சொன்னால் போதாது. பணமுடை இல்லாத கிளெய்ம்தாரர் யார்? கணக்கு என்.பி.ஏ. (வாராக்கடன்) ஆகிவிடும் என்று வங்கி மேலாளர் நெருக்கியதாக எழுதியிருக்கிறீர்கள். அது வங்கியின் நெருக்கடி, அதற்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்லை என்று கம்பெனி வக்கீல் சுலபமாகச் சொல்லிவிடுவார்.

உங்களுக்குக் கை கொடுப்பது கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் நீங்கள் சொன்ன விஷயம். 'வவுச்சரில் கையெழுத்துப் போட்டு அனுப்பினால்தான் பேமென்ட்' என்று கம்பெனி அதிகாரி வாட்ஸ்அப்பில் அனுப்பியது. அந்தச் சுற்றறிக்கை கூடாது என்று சொன்னதை அவர்கள் கைப்படவே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த போனை மாற்றாதீர்கள், அந்த உரையாடலை அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் போதும் என்றும் இருக்க வேண்டாம்.

பலவீனம் எங்கே என்றால், இந்த ஐந்து மாத மௌனம். நிர்ப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் மறுநாளோ மறுவாரமோ ஒரு வரியாவது எழுதியிருப்பாரே என்று எந்த நீதிபதியும் கேட்பார். போனதைத் திருப்ப முடியாது, ஆனால் இந்த வாரமே ஒரு கடிதம் போக வேண்டும். அதில் என்ன இருக்க வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

வியாபாரி நுகர்வோரா?

இந்தச் சந்தேகம் உங்களுக்கு மட்டுமல்ல, சில வக்கீல்களுக்கே இருந்தது. 2023 ஏப்ரலில் ஹர்சோலியா மோட்டார்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தீர்த்துவிட்டது. 2002 குஜராத் கலவரத்தில் சேதமடைந்த ஒரு வாகன வியாபாரியின் கிளெய்ம் அது. இன்சூரன்ஸ் எடுப்பது லாபம் பார்க்க அல்ல, வந்த நஷ்டத்தை ஈடுகட்டத்தான், அதனால் வியாபாரி என்பதாலேயே அவரை நுகர்வோர் இல்லை என்று தள்ள முடியாது என்றது தீர்ப்பு. ஆகவே நீங்கள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குத் தாராளமாகப் போகலாம். உங்கள் மாவட்டத்திலேயே போடலாம், கம்பெனியின் தலைமை அலுவலகம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி கேட்கும் தொகையைப் பார்ப்பதில்லை, நீங்கள் கட்டிய பிரீமியத்தைத்தான் பார்ப்பார்கள். உங்கள் பிரீமியம் சில ஆயிரங்கள்தான் என்பதால் மனுக் கட்டணமும் கிடையாது.

62 லட்சம் எங்கிருந்து வந்தது?

உங்கள் வழக்கின் நடு முடிச்சு இதுதான். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

கடையில் இருந்த சரக்கின் மதிப்பைவிடக் குறைவாகக் காப்பீடு செய்திருந்தால், குறைந்த அளவுக்கு நீங்களே பொறுப்பு என்பது பழைய விதி. கிளெய்ம் பார்ப்பவர்கள் 'ஆவரேஜ்' என்பார்கள். உங்கள் சர்வேயர் 9 லட்சத்தை 40-ஆல் பெருக்கி 62-ஆல் வகுத்திருக்கிறார், 5 லட்சத்து 80 ஆயிரம் வந்திருக்கிறது, சில்லறைக் கழிவுகள் போக மீதி உங்களுக்கு. கணக்கில் பிழை இல்லை. பிழை இருந்தால் அது அந்த 62-ல்தான் இருக்கிறது.

நீங்கள் எடுத்திருக்கும் பாலிசி, ஓரிடத்தில் காப்பீடு செய்யத்தக்க சொத்தின் மொத்த மதிப்பு 5 கோடிக்கு உட்பட்ட சிறு தொழில்களுக்காக 2021 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து வந்த பொதுவான வடிவம். அதில் குறைவுக் காப்பீடு 15 சதவீதம் வரை இருந்தால் கண்டுகொள்ளக் கூடாது என்று ஒரு சலுகை உண்டு. கொள்முதல் விலைப்படி அன்று இருந்த சரக்கு 45 லட்சம் என்று உங்கள் கணக்கு சொல்கிறது. 45-க்கு 40 என்றால் குறைவு 11 சதவீதம்தான். ஆவரேஜ் போடவே முடியாது, 9 லட்சமும் முழுதாகக் கிடைக்க வேண்டும். வித்தியாசம் மூன்று லட்சத்துக்கு மேல்.

அப்படியானால் 62 எப்படி வந்தது? நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: மாதாமாதம் வங்கிக்குக் கொடுத்த ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டில் சரக்கை விற்பனை விலையில் போட்டேன் என்று. நஷ்டத்தைக் கொள்முதல் விலையிலும் மொத்த இருப்பை விற்பனை விலையிலும் எடுத்தால் இரண்டுக்கும் அளவுகோல் வேறு வேறு ஆகிறது. இதைச் சர்வேயர் அறிக்கையின் பக்கத்தைக் காட்டியே உடைக்கலாம். அறிக்கையின் நகல் உங்களிடம் இல்லை என்கிறீர்கள். எழுத்தில் கேளுங்கள். கம்பெனி அரசு நிறுவனமாக இருந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம்.

இங்கே ஒரு சங்கடமான கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். ஸ்டேட்மென்ட்டில் இருந்தது உண்மையிலேயே விற்பனை விலைதானா, அல்லது லோன் வரம்பு குறையாமல் இருக்க ஏற்றிப் போட்ட எண்ணா? ஊரில் பாதிக் கடைகளில் நடக்கிற விஷயம், உங்களைக் குற்றம் சொல்லவில்லை. விற்பனை விலை என்றால் டேக், பில், உங்கள் லாப விகிதம் எல்லாம் அதற்குப் பொருந்திவரும், உங்கள் ஆடிட்டர் ஒரு சான்றிதழில் அதை விளக்கிவிடலாம். ஏற்றிப் போட்டது என்றால், விற்பனை விலை என்று மனுவில் எழுதிவிடாதீர்கள். குறுக்கு விசாரணையில் அது நிற்காது, வங்கியுடன் வேறு தலைவலியும் தொடங்கும். வழக்குப் போடுமுன் உங்கள் வக்கீலிடம் கதவைச் சாத்திக்கொண்டு இதைப் பேசிவிடுங்கள். ஜி.எஸ்.டி. ரிட்டர்னும் வருமான வரிக் கணக்கில் காட்டிய இருப்பும் 45 லட்சத்தை ஒட்டி இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

சர்வேயர் அறிக்கை முடிவானதா என்று கேட்டீர்கள். இவ்வளவு பெரிய நஷ்டத்துக்குச் சர்வேயர் வைக்க வேண்டும் என்பது இன்சூரன்ஸ் சட்டத்தின் கட்டளை, அதனால் அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் அது வேதவாக்கு அல்ல, தகுந்த காரணம் காட்டினால் விலகலாம் என்று 2009-ல் பிரதீப் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 'சர்வேயர் கம்பெனி ஆள்' என்ற வாதம் எடுபடாது. எந்தப் பக்கத்தில் எந்த எண் தப்பு என்று காட்டுவதுதான் தகுந்த காரணம்.

குடோன்: கம்பெனி எங்கே சிக்கும்?

இன்சூரன்ஸ் வழக்கில் கம்பெனிகளுக்கு உள்ள பெரிய சுமை என்னவென்றால், விலக்கு இருக்கிறது என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். நிபந்தனை இருந்தது என்று மட்டும் காட்டினால் ஆகாது, அது உங்களுக்குத் தெரிவிக்கப்பட்டது என்றும் காட்ட வேண்டும். பாரத் வாட்ச் கம்பெனி வழக்கில் 2019-ல், விலக்கு நிபந்தனைகள் பாலிசிதாரர் கையில் கொடுக்கப்படவே இல்லை என்பதால் அவை அவரைக் கட்டுப்படுத்தாது என்றது உச்ச நீதிமன்றம். உங்களுக்கும் புத்தகம் வரவில்லை. வங்கிக்கு அனுப்பினோம் என்று கம்பெனி சொல்லும். அப்படியானால் வங்கியிடம் வந்ததா என்று எழுதிக் கேளுங்கள். வங்கியின் பதில் எதுவானாலும் அது உங்களுக்கு ஒரு ஆவணம்.

கீழ்த்தளம் என்றாலே எல்லோரும் நீட்டும் தீர்ப்பு டெக்ஸ்கோ மார்க்கெட்டிங். 2022 நவம்பரில் நீதியரசர்கள் சூர்ய காந்த்தும், நம் ஈரோட்டுக்காரரான எம்.எம். சுந்தரேஷும் இருந்த அமர்வு கொடுத்தது. கடையே கீழ்த்தளத்தில் இருக்கிறது என்று தெரிந்து, நேரில் பார்த்துவிட்டு, பிரீமியம் வாங்கிய கம்பெனி, தீப்பிடித்த பிறகு கீழ்த்தளத்துக்குப் பொறுப்பில்லை என்றது. ஒப்பந்தத்தையே அழிக்கும் விலக்கை அப்படிப் பயன்படுத்த முடியாது என்று நீதிமன்றம் தள்ளியது. உங்கள் மைத்துனர் இதைப் படித்துவிட்டு, ஜெயித்த மாதிரிதான் என்று சொல்லியிருப்பார் போலிருக்கிறது. அவ்வளவு சுலபம் இல்லை. அங்கே முழுக் கடையும் கீழே, உங்களுக்கோ பாதிச் சரக்கு மேலே. விலக்கை எடுத்தாலும் உங்கள் ஒப்பந்தம் உயிரோடு இருக்கிறது என்று கம்பெனி வாதிடும்.

எனக்கு அதைவிட நம்பிக்கை தருவது உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் பின்குறிப்பாக வந்த வரிதான். ஷெட்யூலில் காப்பீடு செய்த இடம் 'தரைத்தளம் மற்றும் கீழ்த்தளம்' என்று அச்சாகியிருக்கிறதாம். ஐயா, இதை முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். ஒரு பக்கத்தில் கீழ்த்தளம் காப்பீட்டுக்குள் வருகிறது என்றும், காட்டாத புத்தகத்தில் வராது என்றும் இருந்தால், அந்தக் குழப்பத்தின் பலன் அதை எழுதியவருக்கு எதிராகத்தான் போகும். தரைத்தளமும் கீழ்த்தளமும் சேர்த்துத்தான் பிரீமியம் போட்டார்களா என்பதையும் பாருங்கள்.

இன்னொன்று. சரக்கு தரையிலிருந்து உயர்த்தி அடுக்கப்படவில்லை என்று சர்வேயர் வாய்மொழியாகக் குறை சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். கம்பெனியின் கடிதத்தில் அந்தக் காரணம் இல்லை. நிராகரிப்புக் கடிதத்தில் சொல்லாத காரணத்தைப் பிறகு நீதிமன்றத்தில் புதிதாகக் கிளப்ப முடியாது என்று சௌராஷ்டிரா கெமிக்கல்ஸ் வழக்கில் 2019-ல் தீர்ந்துவிட்டது. அவர்கள் ஒரே காரணத்தோடு நிற்கட்டும். அதனால் உங்கள் கடிதத்தில் அடுக்கி வைத்தது பற்றி நீங்களாக விளக்கம் கொடுக்கப் போகாதீர்கள்.

தாமதத்துக்கும் விலை உண்டு. வெள்ளத்தின்போது அமலில் இருந்த, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2017 விதிகளின்படி இறுதிச் சர்வே அறிக்கை கைக்கு வந்த 30 நாளுக்குள் முடிவைச் சொல்லியிருக்க வேண்டும், தவறினால் வங்கி விகிதத்துக்கு மேல் 2 சதவீதம் வட்டி. அறிக்கையின் தேதி தெரிந்தால் இந்தக் கணக்கைப் போடலாம்.

நீங்கள் எங்கே சிக்கலாம்?

ஏஜென்ட் சொன்ன யோசனையை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது. பழைய தேதியில் கூடுதல் கொள்முதல் பில் வாங்கிச் சேர்த்தால் ஆவரேஜில் போனதை ஈடுகட்டலாம் என்கிறாராம். கிளெய்மில் ஒரு பில் பொய் என்றாலும் முழு உரிமையும் போய்விடும் என்பது பாலிசியின் நிபந்தனை. சப்ளையர் ரிட்டர்னில் இல்லாத பில் ஜி.எஸ்.டி. தளத்தில் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். தவிர, சரக்கு கூடினால் குறைவுக் காப்பீடும் கூடும், சேர்த்ததில் ஒரு பகுதி அதிலேயே போய்விடும். இதைக்கூட யோசிக்காமல் சொல்கிற ஏஜென்ட்டை என்ன சொல்ல!

ஜி.எஸ்.டி. என்றதும் நினைவுக்கு வருகிறது. அழிந்துபோன சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரியை (கொள்முதலில் கட்டி, செலுத்த வேண்டிய வரியில் கழித்துக்கொண்டதை) திருப்பிக் கட்ட வேண்டும் என்று மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5)(எச்) பிரிவு சொல்கிறது. சர்வேயர்கள் பெரும்பாலும் வரியைக் கழித்துவிட்டுத்தான் நஷ்டம் போடுவார்கள். நீங்கள் வரியைத் திருப்பிக் கட்டியிருந்தால் அதுவும் உங்கள் நஷ்டத்தில் சேரும், கேளுங்கள். கட்டவில்லை என்றால் ஆடிட்டரிடம் உடனே பேசுங்கள்.

மைத்துனர் சொல்லும் போலீஸ் புகார் வேண்டாம். இது சிவில் விவகாரம், அங்கே போனால் ஒன்றும் நடக்காது. மன உளைச்சலுக்கு 25 லட்சம் என்பதும் வேண்டாம். ஆணையங்கள் அந்தத் தலைப்பில் கொடுப்பது சிறு தொகைதான், பெரிதாகக் கேட்டால் மற்றக் கோரிக்கைகளின் நம்பகத்தன்மைதான் குறையும்.

எங்கே போவது, எப்போது?

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, சென்னை அண்ணா சாலையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் என்ற குறைதீர்ப்பாளர். தனி உரிமையாளர் நடத்தும் கடையின் புகாரை எடுத்துக்கொள்வார்கள், 50 லட்சம் வரை தீர்ப்புச் சொல்லலாம், செலவில்லை, வக்கீலும் கூடாது. எனக்கு வருமானம் வராத வழி என்றாலும் நல்ல வழி. தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும், 30 நாளில் நிறைவேற்ற வேண்டும். மற்றது நுகர்வோர் ஆணையம். இரண்டிலும் ஒரே நேரத்தில் இருக்க முடியாது.

உங்கள் விஷயத்தில் ஆணையம்தான் சரி என்பது என் கருத்து. வவுச்சரை எப்படி வாங்கினார்கள், 62 எப்படி வந்தது என்பதற்கெல்லாம் பிரமாணப் பத்திரம், ஆடிட்டர் சான்றிதழ், தேவைப்பட்டால் சர்வேயருக்குக் கேள்விப் பட்டியல் என்று போக வேண்டியிருக்கும். ஆம்புட்ஸ்மேன் சுருக்கமாகக் கேட்டு முடிப்பவர். ஆணையத்தில் காலம் கூடுதலாகும், சட்டம் சொல்லும் சில மாதங்களில் முடியும் என்று நம்ப வேண்டாம். ஆனால் கம்பெனி பதில் தாக்கல் செய்ய 30 நாளும் அதற்கு மேல் 15 நாளும்தான், அதைத் தாண்டி நீட்டிக்க முடியாது என்று 2020-ல் அரசியல் சாசன அமர்வு ஒரு இன்சூரன்ஸ் வழக்கில்தான் சொன்னது. உங்களுக்குச் சாதகமாக உத்தரவு வந்து கம்பெனி மேல்முறையீடு போனால் பாதித் தொகையைக் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும்.

கெடு இரண்டு வருடம். நிராகரிப்புக் கடிதத்திலிருந்து எண்ணலாம் என்பது உங்களுக்குச் சாதகமான வாதம், ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். வெள்ளம் வந்த நாளிலிருந்தே எண்ணி, 2025 டிசம்பர் நடுவுக்குள் மனு உள்ளே போய்விட வேண்டும்.

வங்கியை இரண்டாவது எதிர்த்தரப்பாகச் சேருங்கள், அவர்களிடம் பணம் எதுவும் கேட்காமல். லோன் தொகையையே காப்பீட்டுத் தொகையாகப் போட்டதும், புத்தகத்தை உங்களுக்குத் தராததும் அவர்கள் வாயிலிருந்தே வரட்டும். மேலாளர் முகம் சுளிப்பார், முன்கூட்டியே போய்ச் சொல்லிவிடுவது நல்லது.

இந்த வாரம் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்குப் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் போக வேண்டிய கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். தேதியைக் குறிப்பிட்டு, பணம் வர வேண்டுமென்றால் கையெழுத்து வேண்டும் என்று சொன்னதால் போட்டேன், அது முழுத் தீர்வு அல்ல என்று எழுதுங்கள். சர்வே அறிக்கை, பாலிசிப் புத்தகம், அது உங்களுக்கு அனுப்பப்பட்டதற்கான சான்று மூன்றையும் கேளுங்கள். ஷெட்யூலில் கீழ்த்தளம் இருப்பதையும், சரக்கைக் கொள்முதல் விலையில் மதிப்பிட வேண்டும் என்பதையும் தலா ஒரு வரியில் சொல்லி, மீதித் தொகையைக் கேளுங்கள். ஆனால் 62 எப்படி வந்தது என்று வக்கீலிடம் பேசி முடிக்கும்வரை கொள்முதல் விலை பற்றிய வரியை மட்டும் விட்டுவிடுங்கள். கோபத்தைக் கடிதத்தில் காட்ட வேண்டாம்.

அப்புறம், அதே கம்பெனியில் பாலிசியைப் புதுப்பிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். புதுப்பிக்கலாம், வழக்குக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் இந்த முறை வங்கி போடும் எண்ணுக்குத் தலையாட்ட வேண்டாம். வருடத்தில் சரக்கு உச்சத்தில் இருக்கும் மாதத்தின் கொள்முதல் மதிப்பை எடுத்துத் தொகையை நிர்ணயியுங்கள். கீழ்த்தள குடோன் இருக்கிறது, அதற்கும் காப்பீடு வேண்டும் என்று மின்னஞ்சலில் கேட்டு, பதில் வந்த பிறகு பிரீமியம் கட்டுங்கள். முடியாது என்று பதில் வந்தால் மழைக்கு முன் சரக்கை மாடிக்கு ஏற்றிவிடலாம். ஜூன் மாதம் புதுப்பிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள், அந்த மின்னஞ்சல் அதற்கு மூன்று வாரம் முன்னதாகவே போகட்டும்.